வளைக்குள் இறங்கப் பிறந்த நாய்: ஜாக் ரசல் டெரியர் பற்றி வாசகர் கேள்வி–பதில்

இம்முறை திருகோணமலை நகரிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே நாயைப் பற்றியவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்து எடுத்திருக்கிறோம். இந்த நாய் எந்த வேலைக்காக உண்டாக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டால் அது வீட்டில் செய்கிற குழப்படிகளில் பாதி விளங்கிவிடும். ஆகவே முதல் பதில் கொஞ்சம் நீளம்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மூன்று மாதக் குட்டி ஒன்று வந்திருக்கிறது. விற்றவர் ‘ஒறிஜினல் ஜாக் ரசல்’ என்று சொன்னார். ஜாக் ரசல் என்று உண்மையிலேயே ஒருவர் இருந்தாரா? இந்த இனம் எப்படி உண்டானது?
– வாசகி, உப்புவெளி

பதில்: இருந்தார், அம்மா. முழுப்பெயர் ஜோன் ரசல். ஜாக் என்பது ஜோன் என்ற பெயருக்கு ஆங்கிலேயர் செல்லமாக அழைப்பது. 1795 டிசம்பரில் இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியில் டார்ட்மவுத் என்ற ஊரில் பிறந்தார். அங்கிலிக்கன் சபைப் போதகர். ஸ்விம்பிரிட்ஜ் என்ற கிராமத்தில் அரை நூற்றாண்டுக்குக் கிட்ட ஊழியம் செய்தவர். கோயில் வேலை போக மிகுந்த நேரமெல்லாம் அவருக்குக் குதிரையும் நரி வேட்டையும்தான்.

ஆனால் நாயின் வரலாறு அவரிலும் பழையது. ‘டெரா’ என்றால் லத்தீனில் மண். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான் ‘டெரியர்’, அதாவது மண்ணுக்குள் இறங்குகிற நாய். ஆங்கிலேய வைத்தியர் ஜோன் கேயுஸ் 1570இல் பிரித்தானிய நாய்களைப் பற்றி எழுதியபோதே, நரியையும் பேட்ஜரையும் வளைக்குள் போய் விரட்டுகிற நாய்களைத் தனி வகையாகச் சொல்லியிருக்கிறார். (பேட்ஜர் நிலத்தில் நீண்ட வளை தோண்டி வாழும், நீர்நாயின் உறவான கனத்த விலங்கு.) அந்தக் காலத்தில் டெரியர் என்பது வேலையின் பெயர். இன்று நாங்கள் சொல்கிற பொருளில் அது ஓர் இனம் அல்ல. கறுப்பு, மண்ணிறம், சாம்பல், எந்த நிறமென்றாலும் வளைக்குள் இறங்கினால் சரி.

வெள்ளை நிறம் பிறகு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் காடு குறைந்து மான் வேட்டை சுருங்க, நிலச்சுவான்தார்கள் நரியின் பக்கம் திரும்பினார்கள். வேகமாக ஓடும் ஹவுண்ட் நாய்க்கூட்டம் நரியைத் துரத்தும். நரி களைத்ததும் வளைக்குள் புகுந்துவிடும். ஹவுண்ட் பெரிய நாய், உள்ளே போகாது. அங்கேதான் டெரியரை இறக்குவார்கள். உள்ளே போய்ப் புரண்டு, நரியின் மணத்தோடும் செம்மண்ணோடும் வெளியே வருகிற சிவந்த நாயை ஹவுண்ட்கள் நரி என்று நினைத்துக் குதறிவிடும் ஆபத்து இருந்தது. தூரத்தில் நிற்கிற வேட்டைக்காரனுக்கும் அதே மயக்கம். அதனால்தான் வெள்ளைக் குட்டிகளைத் தெரிந்து வளர்த்தார்கள். 1790இல் சோரி கில்பின் என்ற ஓவியர் வரைந்த, கேணல் தோர்ன்டனின் ‘பிட்ச்’ என்ற நாயின் படத்தில் அந்த வெள்ளை டெரியரை இன்றும் பார்க்கலாம். ரசல் பிறப்பதற்கு ஐந்து வருடம் முந்திய படம் அது.

ரசல் 1819இல் ஒக்ஸ்போர்ட்டில் மாணவராக இருந்தபோது, வழியில் கண்ட ஒரு பால்காரரிடமிருந்து ‘ட்ரம்ப்’ என்ற பெட்டை நாயை வாங்கினார். அந்தப் பெட்டையைப் பற்றி எழுதிவைத்திருக்கிற விவரம் நுணுக்கமானது: உடம்பு வெள்ளை, இரண்டு கண்ணையும் காதையும் மூடிய கடும் மண்ணிறத் திட்டு, வாலடியில் ஒரு பெனிக் காசை விடப் பெரிதாகாத ஒரு புள்ளி. மயிர் நெருக்கமாக, கொஞ்சம் கம்பி போல. கால்கள் நேர். உடம்பளவு வளர்ந்த பெண் நரியின் அளவு.

அந்தக் கடைசி வரியில்தான் இனத்தின் சூத்திரமே இருக்கிறது. நரி போகிற வளையில் நாயும் போக வேண்டுமென்றால் நரியின் நெஞ்சளவுதான் நாய்க்கும் இருக்கலாம். கால் நீளமாக இருந்தாலும் மடக்கிக்கொண்டு நுழையும், ஆனால் நெஞ்சுக்கூட்டை மடக்க முடியாது. இரண்டாவது தேவை குரல். வளைக்குள் நாய் எங்கே நிற்கிறது என்பது மேலே மண்வெட்டியோடு நிற்பவருக்குக் குரைப்பைக் கேட்டுத்தான் தெரியும். மூன்றாவது அடக்கம். நரியை உள்ளேயே கொன்றுவிட்டால் அன்றைய ஓட்டம் முடிந்தது. ஆகவே கடித்துக் குதறாமல், முகத்துக்கு நேரே நின்று ஓயாமல் குரைத்து நரியை வெளியே கிளப்புகிற நாய்தான் நல்ல நாய். உங்கள் குட்டி கதவிடுக்கில் பல்லியைக் கண்டால் அரை மணித்தியாலம் நின்று குரைக்கிறதென்றால், அது இருநூறு வருடம் தெரிந்து வளர்த்த குணம்.

ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். ‘இது ட்ரம்ப்பின் நேர்வழி’ என்று விற்பவர் சொன்னால் அது வெறும் பேச்சு. ட்ரம்ப்பை வாங்கியதிலிருந்து 1883இல் ரசல் இறக்கும்வரை 64 வருடங்கள். அதற்கிடையில் வேறு ஆட்களின் நாய்களையும் சேர்த்தே வளர்த்தார். வேலை தெரிந்த நாய் என்றால் போதும் என்பதே அவருடைய கணக்கு.

கேள்வி: பொக்ஸ் டெரியர், பார்சன் ரசல், ஜாக் ரசல் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். மூன்றும் ஒன்றா? எது உண்மையான இனம்?
– வாசகர், பாலையூற்று

பதில்: ஒரே அடியில் முளைத்த மூன்று கிளைகள்.

நாயினங்களைப் பதிந்து கண்காட்சி நடத்துகிற பிரித்தானியாவின் கெனல் கிளப் 1873இல் தொடங்கியது, ரசலும் ஆரம்ப உறுப்பினர். மறு வருடம் பொக்ஸ் டெரியர்களுக்கு நடுவராகவும் இருந்தார். ஆனால் கண்காட்சி வளர வளர பொக்ஸ் டெரியரின் தலை நீண்டது, தோள் நிமிர்ந்தது, நெஞ்சு ஆழமாகியது. மேடையில் அழகுதான், வளைக்குள் சிக்கிக்கொள்ளும். ரசல் தன் நாய்களை அந்த வழியில் கொண்டுபோகவில்லை. அவருக்குப் பின் ஆர்தர் ஹைன்மன் என்பவர் பேட்ஜர் வேட்டைக்காக இந்தப் பழைய வகையைக் காப்பாற்றி வைத்திருந்தார். 1894இல் அதற்கென ஒரு கழகம் தொடங்கி, 1904இல் முதல் இன விதியையும் (இந்த இன நாய் எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகோலை) எழுதினார். அதில் உயரம் 14 அங்குலம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேட்டை குறைந்து, நாய் வீட்டுக்குள் வந்தது. கோர்கி, டக்ஸ்ஹுண்ட், சிவாவா என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார்கள். குட்டைக்கால் வெள்ளை நாய்கள் பெருகின, எல்லாவற்றுக்கும் ஜாக் ரசல் என்றே பெயர். நீளக்கால் பழைய வகையை வைத்திருந்தவர்கள் பிரிந்து நின்றார்கள். பிரித்தானிய கெனல் கிளப் 1990இல் நீளக்கால் வகையை ஏற்றுக்கொண்டது, அதுவே இன்றைய பார்சன் ரசல். ‘பார்சன்’ என்றால் போதகர். குட்டை வகைக்கு ஒழுங்கான விதியை எழுதி ஒரு சீராக வளர்த்தெடுத்தது அவுஸ்திரேலியா. சர்வதேச நாய்ச் சம்மேளனம் 2000ஆம் ஆண்டு அதை ஏற்றபோது, பிறந்த நாடு இங்கிலாந்து, வளர்த்த நாடு அவுஸ்திரேலியா என்று எழுதிக்கொண்டது. பிறந்த வீட்டில் அதற்கு அங்கீகாரம் கிடைக்க 2016 வரை ஆனது.

அளவு இதுதான்: பார்சன் ரசல் கடுவன் 36 சென்ரிமீற்றர், பெட்டை 33. ஜாக் ரசல் 25 முதல் 30 வரை, உயரம் ஒவ்வோர் 5 சென்ரிமீற்றருக்கும் ஒரு கிலோ நிறை. 25 சென்ரிமீற்றர் நாய் 5 கிலோ, 30 சென்ரிமீற்றர் நாய் 6 கிலோ. பார்சனின் உடம்பு பக்கத்திலிருந்து பார்த்தால் சதுரம், ஜாக் ரசல் உயரத்தை விடச் சற்று நீளம். எங்கள் எண்ணத்தில், ட்ரம்ப்பின் உருவத்துக்குக் கிட்ட நிற்பது பார்சன்தான். அதற்காக ஜாக் ரசல் போலி என்று சொல்ல வரவில்லை. முன்னங்கால் வில்லாக வளைந்து, நெஞ்சு நிலத்தைத் தொடுகிற நாயைத்தான் இரண்டு பெயராலும் அழைக்க முடியாது. அப்படிப்பட்ட நாய்களுக்கு முதுகெலும்புத் தட்டு நழுவுகிற வருத்தமும் கூடுதலாக வரும்.

கேள்வி: எங்கள் வகுப்பில் ஆங்கிலத்தில் ‘ரசல்ஸ் வைப்பர்’ என்று ஒரு பாம்பைப் படித்தோம். அந்த ரசலும் இந்த ரசலும் ஒருவரா?
– மாணவன், திருக்கடலூர்

பதில்: இல்லைத் தம்பி, நல்ல கேள்வி. அந்தப் பாம்பு எங்கள் கண்ணாடிப் புடையன். அதன் ஆங்கிலப் பெயரில் இருக்கிற ரசல், ‘பற்றிக் ரசல்’ என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர். தென்னிந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பனியில் இருந்துகொண்டு பாம்புகளை ஆராய்ந்தவர். 1805இல் அவர் இறந்தபோது நாய்க்காரர் ரசலுக்கு வயது ஒன்பது.

ஆனால் இரண்டு ரசல்களும் எங்கள் வயலில் சந்திக்கத்தான் செய்கிறார்கள். டெரியர் பாம்பைக் கண்டால் ஒதுங்காது, மூக்கை நீட்டும். கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ இருக்கும். கடித்த இடம் விரைவாக வீங்கும். புடையன் என்றால் முரசில் இரத்தம் கசியலாம், மூத்திரம் கறுக்கலாம். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், கல் வைக்காதீர்கள், பால் பருக்காதீர்கள். நாயை நடக்க விடாமல் தூக்கி, கழுத்துப்பட்டியைக் கழற்றி (முகம் வீங்கினால் பட்டி மூச்சை அடைக்கும்) உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். விஷமுறி ஊசிதான் மருந்து. பாம்பைப் பிடித்துக்கொண்டு வரத் தேவையில்லை. தூரத்திலிருந்து போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும்.

கேள்வி: நெல் மூட்டை அடுக்கிய அறையில் எலியும் அகழானும் தொல்லை. ஜாக் ரசல் வளர்த்தால் எலி ஒழியும் என்கிறார்கள். பூனையை விடத் திறமா?
– கமக்காரர், தம்பலகாமம்

பதில்: வேகத்தில் திறம். பூனை ஓர் எலியைப் பிடித்தால் அதோடு விளையாடும். டெரியர் பிடரியில் கவ்வி ஒரு உலுக்கு உலுக்கி எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பெரிய அகழானையும் விடாது. ஆனால் நாய் மட்டும் எலியை ஒழிக்காது. ஓட்டை அடைபடாத அறையில் இன்று பத்துச் செத்தால் அடுத்த கிழமை வேறு பத்து வரும்.

முதலில் அறையை நாய் வேலை செய்கிற மாதிரி ஒழுங்குபண்ணுங்கள். மூட்டைகளை நிலத்தில் அடுக்காமல், பலகையில் ஒன்றரை அடி உயர்த்தி, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் நாய் சுற்றிவர முடியும். சுவரோடு ஒட்டிய மூட்டைக்குப் பின்னால் எலி பாதுகாப்பாக இருக்கும், நாயோ மூட்டையைக் கிழிக்கும். சுண்டுவிரல் நுழைகிற ஓட்டைக்குள் குட்டி எலி நுழையும் என்பதால் அவற்றைச் சீமெந்தால் அடையுங்கள். சீமெந்துக்குள் கம்பித் தும்பைத் திணித்தால் மறுபடி கரண்டாது.

இனி மிக முக்கியமான இரண்டு விஷயம். ஒன்று எலி மருந்து. நாயும் மருந்தும் ஒரே வளவில் இருக்கவே கூடாது. மருந்து தின்ற எலியை நாய் தின்றாலும் விஷம் ஏறும். இரத்தம் உறையாமல் செய்கிற வகை மருந்தென்றால் மூன்று முதல் ஐந்து நாள்வரை நாய் ஒன்றுமில்லாதது போல ஓடித்திரியும். பிறகு முரசு வெளிறும், இருமும், திடீரென்று நொண்டும். அப்போது ‘நேற்று எங்கேயோ விழுந்திருக்கும்’ என்று நினைத்து இருந்துவிடுகிறார்கள், நாய் செத்துப்போகிறது. விற்றமின் கே–1 பல கிழமைக்குத் தொடர்ந்து கொடுத்தால் பிழைக்கும். மருந்துப் பெட்டியின் உறையையும் வைத்தியரிடம் கொண்டுபோங்கள், எத்தனை கிழமை என்பது மருந்தின் வகையைப் பொறுத்தது. கறுப்புத் தூளாக வருகிற சிங் பொஸ்பைட் வேறு விதம். அது வயிற்றில் நச்சு வாயுவாகி சில மணித்தியாலத்தில் கொல்லும். அந்த நாய் சத்தியெடுத்தால் கதவு யன்னலைத் திறந்துவிடுங்கள், அந்த வாயு உங்களுக்கும் ஆபத்து.

மற்றது எலிக்காய்ச்சல். வயல் வேலை செய்பவருக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் எலி பிடிக்கிற நாய்க்கும் அது வரும் என்பதும், அந்த நாயின் மூத்திரத்திலிருந்து வீட்டாருக்குத் தொற்றும் என்பதும் பலருக்குத் தெரியாது. எலிக்காய்ச்சலுக்கான லெப்டோ தடுப்பூசியை மூன்று நான்கு கிழமை இடைவெளியில் இரண்டு முறை போட்டு, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்று என்று இதை விட்டுவிடக்கூடாது, இரண்டும் வேறு. ஊசி எல்லா வகைக் கிருமியையும் தடுக்காது. ஆகவே மாரி வெள்ளம் நின்ற நாட்களில் நாய் காய்ச்சலோடு சுருண்டு படுத்தால், சத்தியெடுத்தால், கண் மஞ்சளானால் அன்றைக்கே காட்டுங்கள். நாய் மூத்திரம் போன இடத்தைக் கையுறை போட்டே கழுவுங்கள்.

கேள்வி: குட்டி வாங்கப்போகிறேன். எதைப் பார்த்து எடுக்க வேண்டும்? மூக்குத் திட்டு, காது நிறம் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– வாசகர், நிலாவெளி

பதில்: நிறத் திட்டு எங்கே இருக்கிறது என்பதால் நாயின் திறமை கூடப்போவதில்லை. வெள்ளை கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மயிர் வழுவழுப்பாகவோ கம்பி போலவோ இரண்டுக்கும் இடையிலோ இருக்கலாம். எங்கள் வெக்கைக்கு வழுவழுப்பான மயிர் வசதி: உண்ணி கண்ணுக்குத் தெரியும். குட்டி எட்டுக் கிழமைக்கு முன் தாயை விட்டுப் பிரியக்கூடாது.

தாய் நாயைப் பார்க்காமல் குட்டி எடுக்காதீர்கள். தாயை அளக்கிற முறை வேட்டைக்காரர்களுடையது: நாயை நேராக நிற்கவைத்து, அதன் பின்னால் முழங்காலிட்டு, தோளுக்குச் சற்றுப் பின்னே இரண்டு கையாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடியுங்கள். பெருவிரல்கள் முதுகெலும்பில் தொட, மற்ற விரல்கள் நெஞ்சின் அடியில் சந்திக்க வேண்டும். மெல்ல அழுத்தினால் விலா வில் போல உள்ளே வளைந்துகொடுக்கும், வளைக்குள் நெளிந்து போக அந்த நெகிழ்வு வேண்டும். உங்கள் கை சிறிதென்றால் தையல் நாடாவால் முழங்கைக்குப் பின்னே அளந்து பாருங்கள். ஜாக் ரசலுக்கு 40 முதல் 43 சென்ரிமீற்றர். கொழுத்த நாயில் இந்த அளவு பிழைக்கும், குட்டி போட்டு அண்மையில் பால் கொடுக்கிற தாயிலும் கொஞ்சம் மாறும்.

வெள்ளை கூடிய நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு. உட்காதில் நிறமி உயிரணு இல்லாமல் போவதே காரணம். பரிசோதிக்கும்போது குட்டியின் அருகே கை தட்டாதீர்கள், காற்று அசைவதைத் தோலால் உணர்ந்து திரும்பிவிடும். குட்டிகள் நித்திரையாக இருக்கும்போது அடுத்த அறையில் சாவிக்கொத்தைப் போடுங்கள். எல்லாம் எழும்ப ஒன்று மட்டும் படுத்திருந்தால் சந்தேகிக்கலாம். ஒரு காது மட்டும் செவிடு என்றால் வீட்டில் கண்டுபிடிக்க முடியாது, அதற்குக் கருவிப் பரிசோதனை வேண்டும்.

கண் வில்லை நழுவும் நோயைப் பற்றியும் கட்டாயம் கேளுங்கள். இது டெரியர்களின் பரம்பரை நோய். குட்டியில் ஒன்றும் தெரியாது, பெரும்பாலும் மூன்று முதல் எட்டு வயதுக்குள் வில்லையைத் தாங்கும் நார்கள் அறுந்து வில்லை முன்னே வந்துவிடும். கண் சிவந்து, நீர் வடிந்து, நாய் கண்ணைச் சுருக்கினால் ‘தூசி விழுந்தது’ என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்காதீர்கள். கண்ணுக்குள் அமுக்கம் ஏறி ஒன்றிரண்டு நாளிலேயே பார்வை போய்விடும். தாய் தகப்பன் இரண்டுக்கும் மரபணுப் பரிசோதனை செய்த தாள் இருந்தால் அது பெடிகிரி பேப்பரை (வம்சாவளிப் பத்திரத்தை) விடப் பெறுமதியானது.

கேள்வி: வால் வெட்டினால்தான் ஜாக் ரசல் என்கிறார்கள். பிறந்து ஒரு மாதமான குட்டிக்கு நூல் கட்டி விழுத்தலாமா?
– வாசகர், சாம்பல்தீவு

பதில்: வேண்டாம். வால் வெட்டும் பழக்கத்துக்கு வேட்டைக்காரர் சொன்ன காரணம் இரண்டு: வளைக்குள் வால் அடிபடும், வெளியே இழுக்க ஒரு பிடி வேண்டும். பிடியாக உதவ ஒரு கைப்பிடி நீளம் மிச்சம் விடுவார்கள். கட்டையாக வெட்டிய வால் அந்த வேலைக்கே உதவாது. வீட்டில் வளர்க்கிற நாய்க்கு இந்த இரண்டு காரணமும் இல்லை. பிரித்தானியாவில் அழகுக்காக வால் வெட்டுவது இப்போது சட்டவிரோதம், முழு வால் கொண்ட நாயை இன விதியும் ஏற்கிறது. ஒரு மாதக் குட்டிக்கு நரம்பும் எலும்பும் முற்றத் தொடங்கிவிட்டன. நூல் கட்டினால் வால் அழுகி, புழு வைத்து, குட்டி சாகவும் கூடும்.

கேள்வி: என்னிடம் கடுவனும் பெட்டையும் ஒரே ஈற்றுக் குட்டிகள். வேறு ஜாக் ரசல் கிட்டடியில் இல்லை. இனம் கலக்காமல் இருக்க இவை இரண்டையும் சேர்க்கலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: சேர்க்காதீர்கள் ஐயா. உடன்பிறந்த சோடியின் குட்டியில் நான்கில் ஒரு பங்கு மரபணு இடங்களில், இரண்டு பக்கத்திலிருந்தும் வருவது ஒரே பிரதியாகிவிடும். மேலே சொன்ன கண் நோய் ஒளிந்திருந்து வருகிற வகை. ஒரு பிரதி மட்டும் உள்ள நாய் பெரும்பாலும் நல்ல பார்வையோடே இருக்கும். அப்படி இரண்டு நாய்கள் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, இரண்டு பிரதியும் விழுந்து கண் கெடுவதற்கு. ஒரே தாய் வயிற்றுச் சோடிக்கு அந்தப் பிரதி இரண்டிலும் இருக்கக் கூடிய வாய்ப்பு அதிகம். இந்த இனத்தை உண்டாக்கியவரே வெளி நாய்களைச் சேர்த்தார் என்று மேலே கண்டீர்கள்.

பெட்டைக்கு ஆறு மாதமளவில் முதல் சூடு (இணை சேரும் பருவம்) வரலாம். ஒரே வளவில் இருவரையும் ‘பார்த்துக்கொள்ள’ முடியாது, கம்பி வலைக்கு ஊடாகவும் சேர்ந்துவிடும். கடுவனுக்கு நலமடித்துவிடுங்கள், அதன் பிறகும் சில கிழமைக்குப் பிரித்து வையுங்கள். குட்டி வேண்டுமென்றால் வேறு மாவட்டத்து நாயைத் தேடிப் போவதே வழி.

கேள்வி: பிரட்றிக் கோட்டைப் பக்கம் நடக்கக் கூட்டிப்போனால் மானைக் கண்டு இழுத்துக்கொண்டு ஓடுகிறது. வீட்டில் வேலிக்கடியால் தோண்டி வெளியேறுகிறது. என்ன செய்வது?
– வாசகி, திருகோணமலை நகர்

பதில்: தோண்டுவதை நிறுத்த முடியாது, அது அதன் பிறவித் தொழில். இடத்தை மாற்றலாம். வளவின் நிழலான மூலையில் ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டி ஆற்று மணலால் நிரப்புங்கள். முதல் கிழமை நாய் பார்த்துக்கொண்டிருக்க ஓர் இறப்பர் விளையாட்டுப் பொருளை அரை அடி ஆழத்தில் புதையுங்கள். பிறகு பார்க்காதபோது புதையுங்கள். வேலிக்குக் கம்பி வலையை ஓரடி கீழே இறக்கி, அங்கிருந்து ‘ட’ எழுத்தைப் போல வளவின் உட்பக்கமாக ஒன்றரை அடி மடித்துப் படுக்க வைத்து மண்ணால் மூடுங்கள். நாய் வேலியடியிலேயே தோண்டத் தொடங்கும், வலை நகத்தில் பட்டதும் பின்வாங்கித் தோண்ட அதற்குத் தோன்றாது. கரையோரத்து மணலில் வலை சீக்கிரம் துருவேறும், நாகம் பூசிய தடித்த கம்பியாக வாங்குங்கள். வேலி உயரம் ஐந்தடிக்குக் குறைந்தால் ஏறிப் பாயும்.

மான் விஷயத்தில் சமரசம் இல்லை. நகரத்து மான்கள் ஆளுக்குப் பழகியவை, நாய்க்குப் பழகியவை அல்ல. வெருண்டு வீதிக்குப் பாய்ந்தால் மானும் போகும், மோட்டார் சைக்கிளில் வருபவரும் விழுவார். குட்டியோடு நிற்கிற பிணைமான் உதைத்தால் ஆறு கிலோ நாயின் விலா நொறுங்கும். அவை சட்டத்தால் காக்கப்பட்ட விலங்குகளும்கூட. எத்தனை பழக்கினாலும் ஓடுகிற இரையைத் துரத்தத் தொடங்கிய டெரியருக்குக் காது கேட்பதில்லை. கோட்டையிலும் கோணேசர் கோயில் பாதையிலும் வார் இல்லாமல் ஒருபோதும் விடாதீர்கள். கழுத்துப்பட்டிக்குப் பதில் நெஞ்சு வார் போடுங்கள். பின்னாலே நெளிந்து கழுத்துப்பட்டியைக் கழற்றுவதில் இது கெட்டிக்கார நாய். கூப்பிட்டால் வரப் பழக்குவதை மான் இல்லாத இடத்தில், முப்பதடிக் கயிற்றில் செய்யுங்கள்.

கச்சான் வீசுகிற மாதங்களில் காலை ஆறரைக்கு முன், மாலை ஆறுக்குப் பின் மட்டும் நடை. புறங்கையைத் தாரில் ஏழு செக்கன் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. இந்த நாய் களைத்தாலும் நிற்காது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். தள்ளாடி, எச்சில் தடித்து, முரசு கடும் சிவப்பானால் உடல் வெப்பம் 41 பாகையைத் தொட்டிருக்கும். நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறியபடியே வைத்தியரிடம் போங்கள். ஈரத் துவாயால் மூடி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கும்.

கேள்வி: வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாமா? சொதி ஊற்றிய சோறு விருப்பமாகத் தின்கிறது.
– வாசகி, சம்பூர்

பதில்: சோறு கொடுக்கலாம், சொதி கூடாது. சொதியில் வெங்காயம் இருக்கிறது, உள்ளியும் சேரலாம். இரண்டும் நாயின் செங்குருதி உயிரணுவை உடைக்கும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் இரத்தம் குறைந்து நாய் சோர்ந்துவிடும். ஆறு கிலோ வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு 150 கிராம் சோறு, முள் நீக்கி உப்பில்லாமல் அவித்த மீன் 150 கிராம், அவித்த பூசணி 50 கிராம், ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய். இதைக் காலை மாலை இரண்டாகப் பிரியுங்கள். முள் நீக்கிய மீனில் கல்சியம் போதாது. ஆகவே வைத்தியரிடம் கேட்டுக் கல்சியத் தூள் சேருங்கள். ஒரு வயது வரை குட்டிக்கு இந்தக் கணக்கு சரிவராது, குட்டிகளுக்கென்று விற்கிற உணவையே கொடுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. கைக்கும் தெரியாமல் போனால் சோற்றை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.